சருவப் பாரும் கல்லூரி மிஸ்ஸும்

ஒருத்தர் ஒரு வேலையில் திணறினால் நாம் சும்மா இருக்க மாட்டோம். "இங்கன குடுங்க" என்று வாங்கிச் செய்துவிடுவோம். மிஸ் அப்படிச் செய்ய மாட்டார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். கண்ணை மட்டும் எடுக்க மாட்டார். நமக்கு வேர்த்துக் கொட்டினாலும் அந்தக் கை வெளியே வராது.

முதல் தடவை பார்த்தபோது, என்ன இரக்கமில்லாத பொம்பளை என்றுதான் நினைத்தேன்.

அவர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். கடலைக் கிட்டத்தில் பார்த்ததே வேலைக்கு வந்த பிறகுதான் என்பார். மில்லர்புரத்தில் குடியிருந்தார். எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். என் வீட்டுக்காரர் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். அவர் பேச்சைப் பதிவு பண்ண வந்துதான் மிஸ் எங்களுக்குப் பழக்கம். எனக்கும் அவருக்கும் இருபது வயது வித்தியாசம் இருக்கும். என்னை அக்கா என்பார். இப்போது வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விட்டார்.

தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்த பிறகு அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "நீங்க தப்பாச் செய்யலை அக்கா. அவன் தப்பா வச்சிருக்கான்." அந்த அவன் யார் என்று கேட்கக்கூடாது. புட்டி மூடி திறக்காவிட்டால் மூடி செய்தவன். பேங்கு வாசலில் இருக்கிற மிஷின் கார்டைத் துப்பினால் மிஷினை அங்கே வைத்தவன். எதற்கும் ஆளைக் குறை சொல்ல மாட்டார், பொருளைத்தான் சொல்வார்.

ரேஷன் கடையில் ஒரு நாள் என் விரல் ரேகை விழவில்லை. இளவயதில் ஆறுமுகநேரியில் உப்பளத்து வேலை பார்த்தவள் நான், ரேகை எங்கே இருக்கும்? நாலு தடவை வைத்தேன். பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. கடைக்காரர், "கையக் கழுவிட்டு வரக்கூடாதா? ஒங்களால எல்லாருக்கும் லேட்டு" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூட வந்திருந்த மிஸ் சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, அக்கா விரல்ல ஒரு குத்தமும் இல்லை. உப்பு அள்ளுன விரல் இருக்கிற ஊர்ல, அந்த விரலைப் படிக்கத் தெரியாத மிஷினைக் கொண்டாந்து வச்சிருக்கான் பாருங்க, அவனைப் போய்க் கழுவச் சொல்லுங்க" என்றார். வரிசையே சிரித்துவிட்டது. கடைக்காரர் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியைப் போட்டார்.

தனக்கும் அதே நியாயம்தான். அவர் வைக்கிற ரசத்தை வாயில் வைக்க முடியாது. "புளி சரியில்லைக்கா" என்பார். பஸ்ஸைத் தவறவிட்டால், "டிரைவர் சீக்கிரம் எடுத்துட்டான்" என்பார். அது மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

மிஸ் எழுதிக்கொண்டிருந்தது பார்களைப் பற்றி. கடலுக்கு அடியில் இருக்கிற கல்திட்டுக்கு எங்கள் பக்கம் பார் என்று பெயர். அந்தக் காலத்தில் முத்து எடுத்ததும் இப்போது சங்கு எடுப்பதும் அதை ஒட்டித்தான். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. என் வீட்டுக்காரர் குளித்தது சருவப் பார். அகன்ற சருவச்சட்டி மாதிரி நடுவில் குழிந்திருக்கும் என்பார். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தானே. அதனால் கரையை வைத்து இடம் பிடிப்பார்கள். கோயில் கோபுரம் எந்தப் பனைக்கு நேரே வருகிறது என்பது முதல் அடையாளம். மின்சார ஆலைப் புகைக்கூண்டு எதை ஒட்டித் தெரிகிறது என்பது நடு அடையாளம். எத்தனை பாகம் ஆழம் என்பது மூன்றாவது; இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். இந்த மூன்றும் ஒத்து வந்தால் காலுக்குக் கீழே பார்.

பதினொரு பேர் சொன்னதை மிஸ் பதிவு பண்ணியிருந்தார். அதைத் தாளில் அச்சடிக்க அவருக்கு விருப்பம் இல்லை. வாசித்துக்கொண்டே போகும்போது சருவப் பார் என்று வருகிற இடத்தைத் தொட்டால் என் வீட்டுக்காரர் குரல் பேச வேண்டும், பக்கத்தில் படம் வர வேண்டும், கடல் வரைபடம் விரிய வேண்டும். அப்படிப்பட்ட புத்தகத்தைப் போட கம்ப்யூட்டரில் பல தளங்கள் இருக்கின்றனவாம். எது நல்லது என்று பார்த்துக் கல்லூரிக் குழுவுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருக்கு. என் வீட்டுக்காரர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. துக்கம் விசாரிக்க வந்த மிஸ் அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

"அக்கா, அஞ்சாப்புப் படிச்ச நீங்க திறந்துட்டா உலகமே திறந்துரும்" என்றார்.

"கெடுத்துப் போடுவேன் மிஸ்ஸு."

"கெட்டுப்போற சாமான்னா அது நமக்கு வேண்டாம்."

நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். கட்டம் போட்டு, எழுத்து உடையுதா, குரல் பாதியில் நிக்குதா, சிக்னல் போனா என்ன ஆகுது என்றெல்லாம் எழுதியிருப்பார். கடைசிக் கட்டம் எனக்கு. 'அக்கா தனியாத் திறந்தாங்களா?'

முதல் தளம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. அலை தானாக அடித்தது, எழுத்து மேலேயிருந்து மிதந்து வந்தது. ஆனால் உள்ளே போக மின்னஞ்சல் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. எல்லாம் இங்கிலீஷில். அமுக்கிய இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போனைத் திருப்பிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். மிஸ் கை மேல் உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் கழித்து நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு அவரே திறந்து குரலைக் கேட்க வைத்தார். மூன்று மாதம் கழித்து என் வீட்டுக்காரர் செருமுகிற சத்தம். நான் குசினிக்குள் போய் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டுதான் மீதியைக் கேட்டேன்.

அடுத்த வாரம் இரண்டாவது தளம். இதைத் திறந்துவிட்டேன். "நான் குளிக்க எறங்குனது பதினாலு வயசுல..." என்று அவர் தொடங்கினார். அதற்குள் ஒரு பெண் குறுக்கே வந்து கூந்தலை உதறி, முடி உதிர்வுக்கு ஒரு எண்ணெய் இருக்கிறது என்றாள். என் வீட்டுக்காரருக்கு நாற்பது வயதிலேயே வழுக்கை. அவர் இறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"அண்ணனுக்கு இந்த எண்ணெய் கொஞ்சம் முன்னாடியே கிடைச்சிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தளத்தையும் மிஸ் நோட்டில் அடித்துவிட்டார்.

மூன்றாவதைப் பார்ப்பதற்குள் ஒரு கடிதம் வந்தது. புத்தகத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல வெளியூர்ப் பெரியவர் ஒருவருக்குக் கல்லூரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அவர் அடையாளங்களைக் கடல் வரைபடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். சருவப் பார் வெறும் மண்ணில் போய் விழுகிறது. இன்னும் நாலு பேர் சொன்னதும் அப்படியே. முதியவர்களின் நினைவு தடுமாறியிருக்கிறது, குரல்களை எல்லாம் எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் அச்சடித்தால் போதும் என்று எழுதியிருந்தார். குழு பத்து நாளில் கூடி முடிவு பண்ணும்.

மிஸ் அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். முதல் தடவையாக அவருக்குக் குறை சொல்ல ஒரு அவன் கிடைக்கவில்லை.

"அண்ணன் மேல தப்பு இருக்காது அக்கா. ஆனா தப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலை" என்றார்.  "குரலை எடுத்துட்டா எடுத்ததுதான். அப்புறம் யாரு இவங்களைக் கேக்கப் போறா?"

எனக்குத் தெரியும். முதல் தளத்தில் குரலைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நம் பிள்ளைகள் இன்னும் குளிக்கிற பார் என்றால், வெளி ஆளுக்கு மூன்றில் ஒன்றை மாற்றித்தான் அடையாளம் சொல்வார்கள். முதலாவது சரியாக இருக்கும், ஆழம் சரியாக இருக்கும், நடுவில் இருக்கிறது மாறியிருக்கும். அதை எங்கள் தெருவில் யாரும் பொய் என்று சொல்வதில்லை. பாரைக் காப்பாற்றுவது என்பார்கள். புகைக்கூண்டு வெள்ளைக் கட்டடத்துக்குத் தெற்கே ஒட்டித் தெரியும், அதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அது அப்படி இல்லை.

ஆனால் எப்படிச் சொல்வது? எங்கள் மேசையில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டவர் மிஸ். அவரை வெளி ஆளாகத்தான் வைத்திருந்தார் என் வீட்டுக்காரர் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்போதுமே எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கச் சொன்னால் முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். அதோடு, அந்தப் பாரில் இப்போது என் கொழுந்தன் பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து மூன்றாவது தளத்தைக் கொண்டுவந்தார். "முடிவு எப்படியும் போகட்டும் அக்கா, நோட்டை முடிச்சிருவோம்" என்றார். அது பார்க்க லட்சணமாக இல்லை. அறிவிப்புப் பலகை மாதிரி வெள்ளையில் கறுப்பு எழுத்து. ஆனால் முழுப் புத்தகமும் ஒரே தடவையில் என் போனுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு சிக்னலே வேண்டாம். பெயர், கடவுச்சொல் ஒன்றும் கேட்கவில்லை. சருவப் பாரைத் தொட்டேன், அவர் பேசினார். பேசி முடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மைக் படம் இருந்தது.

"இது என்ன மிஸ்ஸு?"

மிஸ்ஸின் கை தொடைக்கு அடியில். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக் படம் எதற்கு இருக்கும், பேசத்தான். 

"நீங்க கொஞ்சம் குசினிக்குள்ள போங்க. டீத்தண்ணி போடுங்க" என்றேன். மிஸ் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போனார்.

நான் அமுக்கினேன். யாருக்குப் பேசுவது என்று தெரியவில்லை. அவருக்கே பேசினேன். "ஏங்க, சோறு தின்ன வீட்டு ஆளுகிட்டயும் இப்பிடித்தான் சொல்லுவீகளா? நடு அடையாளத்த மாத்திட்டு, கண்ண மூடிக்கிட்டுப் போலாம்னு வேற சொல்லுதீக. ஒங்களுக்கா மறதி? கண்ண மூடுறதுக்கு முந்துன நாளு, கல்யாணத்தன்னைக்கு எங்க அப்பா போட்டிருந்த சட்டை என்ன கலருன்னு சொன்னவருல்லா நீங்க." பிறகு மிஸ்ஸுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "மிஸ்ஸு, அவுகளுக்குப் புத்தி தடுமாறல. வெளியாளுக்கு நடுவுல ஒண்ண மாத்தித்தான் எங்காளுக சொல்லுவாக. சரியானது எதுன்னு நான் சொல்ல மாட்டேன். என்னக் கேக்கவும் கூடாது." திரும்ப அமுக்கினேன். நின்றுவிட்டது.

டீயோடு வந்த மிஸ்ஸிடம் போனை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். என் குரல் பேசி முடிந்தது.  கோபித்துக்கொண்டார் என்று நினைத்துத் திரும்பினால், டீ கிளாஸைக் கீழே வைக்க மறந்து நின்றுகொண்டிருக்கிறார்.

"நடுவுலதானா அக்கா? எல்லாருமே நடுவுலதானா?"

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறக்க மாட்டேன். சாப்பாட்டு மேசையில் இருந்ததை எல்லாம் தள்ளிவிட்டு வரைபடத்தை விரித்தார். ஸ்கேலை வைத்து, மண்ணில் விழுந்த ஐந்து பேரின் முதல் அடையாளத்தை மட்டும் கோடு போட்டார். நாலு கோடு அவரவர் சொன்ன ஆழத்தில் கல்லின் மேல்தான் போனது! ஐந்தாவது ஆளுக்கு மட்டும் ஒன்றுமே ஒத்துவரவில்லை. "அவருக்கு நெசமாவே மறதி மிஸ்ஸு. சொந்தப் பேரன் பேரே தெரியாது" என்றேன். என் வீட்டுக்காரர் கோட்டின் மேல் ஒன்றுபோல மூன்று கல்திட்டு இருந்தது. எது சருவப் பார் என்று மிஸ் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே வரைபடத்தைச் சுருட்டினார். "எனக்கு அது வேண்டாம் அக்கா. மாத்திச் சொல்றதுக்கும் ஒரு முறை இருக்கே, அது போதும்" என்றார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

மறுநாள் காலையிலேயே கொழுந்தன் வந்துவிட்டார். எங்கள் தெருவில் எந்தச் சேதி ஒளிந்து நிற்கும்?

"மைனி, அண்ணன் மூடி வச்சத நீங்க தொறந்து குடுத்துட்டீகளாமே?"

 போனை எடுத்துச் சருவப் பாரைத் தொட்டுக் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டார். அண்ணன் குரலைக் கேட்டதும் முறைப்பு போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்கிற இடம் வந்ததும் பொத்துக்கொண்டு சிரித்தார். "ஏயப்பா, என்ன தெளிவாச் சொல்லுதான் பாரு! நானே நம்பிருவேன் போல." பிறகு என் குரலையும் கடைசி வரை கேட்டார். "சரியானதச் சொல்லலல்லா? அப்பம் சரி மைனி."

குழு கூடிய அன்று மிஸ் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என்னை ஒரு வார்த்தை பேசச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினேன். பெரிய ஹால். தலைவர் மூன்றாவது தளத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நோட்டீஸ் மாதிரி இருக்கு? முதல்ல காட்டுனது எவ்வளவு கம்பீரமா இருந்துச்சு! குரல் வேணும்னா அதுல போடுங்க, இல்லைன்னா அச்சுப் புத்தகம் போதும்" என்றார்.

"ரெண்டையும் நீங்களே திறந்து பாருங்க சார்" என்று மிஸ் என் போனை அவர் கையில் கொடுத்தார். போய்த் தன் நாற்காலியில் கை மேல் உட்கார்ந்தார். எனக்குத் தெரியும், இனி அசைய மாட்டார்.

தலைவர் கடவுச்சொல்லை மூன்று தடவை அடித்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். வட்டம் சுற்றியது. மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். "நான்தான் எதையோ தப்பா அடிச்சிட்டேன் போல" என்றார்.

"நீங்க தப்பா அடிக்கலை சார். அவன் தப்பா வச்சிருக்கான்" என்றார் மிஸ்.

அடுத்ததைத் தலைவரே தட்டித் திறந்தார். என் வீட்டுக்காரர் குரல் அந்த ஹால் முழுக்க நிறைந்தது. அது முடிந்த கையோடு என் குரல். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கல்யாணச் சட்டை வந்த இடத்தில் யாரோ சிரித்தார்கள்.

தலைவர் என்னைப் பார்த்தார். "பேசுனது நீங்கதானாம்மா? ஆனா பெரியவர் மறதின்னுல்ல எழுதியிருக்கார். புருஷன் பேரைக் காப்பாத்த நீங்க சொல்றதா இருக்கலாமே?"

மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் கை மேலேயே உட்கார்ந்திருந்தார். கோபம் கோபமாக வந்தது எனக்கு. அந்தக் கோபத்தில்தான் எழுந்தேன் போலிருக்கிறது.

"மறதின்னா மூணும்லா சார் மாறிப் போகும்? நாலு பேருக்கும் சொல்லி வச்ச மாதிரி நடுவுல உள்ளது மட்டுமா மறக்கும்?"

உட்கார்ந்துவிட்டேன்.   தலைவர் வரைபடத்தை வாங்கி, நாலு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். "இதை ஏம்மா புத்தகத்துல எழுதலை?" என்று மிஸ்ஸைக் கேட்டார்.

"எழுதுறேன் சார். அக்கா பேசுன இடத்துலயே எழுதுறேன். ஆனா கேக்கிறவங்க பதில் சொல்ற தளத்துலதான் அதை எழுத முடியும்."

அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. பதினொரு குரலும் இருக்கும். மூன்றாவது தளம்தான். அந்த வெளியூர்ப் பெரியவருக்குப் புது அத்தியாயத்தை அனுப்பினார்கள். புத்தகத்திலேயே இதுதான் முக்கியமான பகுதி என்று அவர் திருப்பி எழுதினார். படியிறங்கும்போது மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ரெண்டு ரெண்டு படியாக இறங்கினார். "மூட்டு வலி மிஸ்ஸு, மெதுவா" என்றால், "படி உயரமா கட்டிட்டான் அக்கா" என்கிறார்.

புத்தகம் வெளிவந்த வாரமே எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் போனில் பேசிவிட்டுப் போனார்கள். பத்தாம் நாள் மிஸ் கூப்பிட்டார். "சருவப் பாருக்குப் புதுசா ஒரு குரல் வந்திருக்கு. உடனே கேளுங்க அக்கா" என்றார். ஏற்கனவே சிரித்துக்கொண்டிருந்தார்.

தொட்டேன். கிழட்டுக் குரல் ஒன்று, வேம்பார்ப் பக்கத்து ஆளாம். "ஏ பாவி மனுசா! முப்பது வருசத்துக்கு முன்ன நீ சொன்ன அடையாளத்த நம்பி எட்டுப் பேரக் கூட்டிட்டு வந்து ஒரு பகல் பூரா வெறும் மண்ணுல குளிச்சேன்லே! என் கண்ணுதான் போச்சுன்னு அன்னைக்கோட குளிக்கிறதையே நிறுத்திட்டேன். இப்பந்தான் தெரியுது, என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு. நீ செத்தும் என்னச் சிரிக்க வைக்கிய."

மைக் படத்தை அமுக்கினேன். இந்தத் தடவை யாரையும் குசினிக்குள் அனுப்பவில்லை. வீட்டில் கொழுந்தன் இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள்.

"அண்ணே, நல்லா இருக்கீகளா? எட்டுப் பேரக் கூட்டிட்டு வாற ஆளுன்னா, ஒங்களுக்கு நடுவுல உள்ளத மட்டும் மாத்திச் சொல்லியிருக்க மாட்டாக. மூணையும் மாத்தியிருப்பாக" என்றேன்.